தமிழ் லேபிள்களைப் பெயர், உருபுத் தொடர் எனப் பிரிப்பது: எந்த வழி யாருக்கு?

தரவுப் பணியில் இருக்கும் வாசகர்களிடமிருந்து ஒரே கேள்வி பல வடிவங்களில் வருகிறது. அட்டவணைகளின் நெடுவரிசைத் தலைப்புகளோ கலைக்களஞ்சியப் பகுப்புகளின் பெயர்களோ ஆயிரக்கணக்கில் தமிழில் இருக்கின்றன. ஒவ்வொன்றிலும் பேசப்படும் பொருள் எது, அதற்கு இடமும் காலமும் உடைமையும் சொல்லும் அடைத்தொடர் எது என்று நிரலால் பிரிக்க வேண்டும். விதிகளை நாமே எழுதுவதா, சொல்லையோ தொடரையோ கூறிட்டுக் காட்டும் ஆயத்தப் பகுப்பி ஒன்றை எடுத்துக்கொள்வதா, பெருமொழி மாதிரியிடம் (எல்.எல்.எம்.) ஒப்படைத்துவிடுவதா என்ற இடத்தில் பலரும் நின்றுவிடுகிறார்கள்.

‘ஊரகப் பள்ளிகளில் பயிலும் மாணவிகளின் எண்ணிக்கை’ என்ற லேபிளை எடுத்துக்கொள்வோம். ‘எண்ணிக்கை’ தலைப்பெயர், அதாவது மற்றவை எல்லாம் விளக்கும் மையப் பெயர்; ‘மாணவிகளின்’, ‘ஊரகப் பள்ளிகளில்’ ஆகியவை உருபேற்ற தொடர்கள், ‘பயிலும்’ பெயரெச்சம். வேற்றுமை உருபோ சொல்லுருபோ வெளிப்பட நிற்கும் பெயர்த்தொடரை இக்கட்டுரையில் உருபுத் தொடர் என்றே சொல்கிறேன். ஆங்கிலத்தில் முன்னிடைச்சொல் தொடருக்கு உள்ள இடம் தமிழில் இதற்கு உரியது.

ஆங்கில லேபிள்களுக்கு இந்த வேலை வெகுநாள் முன்பே நடந்துவிட்டது. ஜெர்மனியின் சார்ப்ரூக்கனில் உள்ள மாக்ஸ் பிளாங்க் கணினியியல் நிறுவனத்தில் உருவாகி 2007இல் வெளியான யாகோ என்னும் அறிவுத்தளம், ஆங்கில விக்கிப்பீடியாவின் பகுப்புப் பெயர்களை முன்னடை, தலைச்சொல், பின்னடை என மூன்றாகப் பிரித்து, தலைச்சொல் பன்மையாக இருந்தால் அப்பகுப்பு ஓர் இனத்தைக் குறிக்கிறது என்று கொண்டது. அங்கே முன்னிடைச்சொல் தனிச்சொல்லாக நிற்பதாலும், தலை அதற்கு இடப்பக்கம் இருப்பதாலும், முதல் முன்னிடைச்சொல்லில் வெட்டினாலே பெரும்பாதி வேலை முடிகிறது. தமிழில் இரண்டும் தலைகீழ்: உருபு சொல்லின் இறுதியில் ஒட்டியிருக்கிறது, தலை கடைசி உருபுக்கு வலப்பக்கம் இருக்கிறது. ஆங்கிலத்துக்கு எழுதிய நிரலில் சொற்பட்டியலை மட்டும் மாற்றித் தமிழுக்குப் பயன்படுத்த முனைவோர் முதல் நாளே முட்டிக்கொள்வது இதனால்தான்.

## எவற்றை வைத்து ஒப்பிட வேண்டும்

முதலாவது, தலைப்பெயரைச் சரியாகக் காண்பது. ‘எண்ணிக்கை’, ‘பரப்பு’, ‘விகிதம்’, ‘மதிப்பு’ போன்ற அளவைப் பெயர்கள் இலக்கணப்படி தலையானாலும், தேடுபவருக்கு வேண்டியது ‘மாணவிகள்’ என்பதாக இருக்கலாம். எது வேண்டும் என்பதைக் கருவியைத் தேர்வதற்கு முன்பே முடிவு செய்துகொள்ள வேண்டும். இரண்டாவது, தொடரின் எல்லை: ‘ஊரக’ என்பது ‘பள்ளிகளில்’ என்பதோடு சேர்ந்து வருகிறதா. மூன்றாவது, மூலப்பெயரை மீட்பது: ‘மாவட்டத்தில்’ என்பதிலிருந்து ‘மாவட்டம்’ கிடைக்க வேண்டும். நான்காவது, எந்தத் தொடர் எதனோடு இணைகிறது என்பது. ஐந்தாவது, இன்று கிடைத்த விடை நாளையும் அப்படியே கிடைக்குமா, தவறு நேர்ந்தால் காரணத்தைக் காட்ட முடியுமா என்பது. கடைசியாகச் செலவு, பணச் செலவை விட, பராமரிப்பும் உரிமமும் விழுங்கும் செலவையே நான் பெரிதாக எண்ணுகிறேன்.

## முதல் வழி: உருபு விதிகளை நாமே எழுதுவது

இடைவெளியில் சொற்களைப் பிரித்து, ஒவ்வொரு சொல்லின் இறுதியிலும் உருபு இருக்கிறதா என்று பார்ப்பது இந்த வழி. கேட்க எளிதாக இருந்தாலும், தமிழ் எழுத்து கணினியில் இருக்கும் விதம் தெரியாவிட்டால் எதுவும் பொருந்தாது. ‘பள்ளிகளில்’ என்ற சொல்லில் நாம் காண்பது 6 எழுத்துகள். எழுத்துகளுக்குக் கணினியில் எண் தரும் யூனிகோடு முறையில் அது 10 குறியீடுகள். அதன் இறுதியில் ‘இல்’ என்ற வடிவம் கிடையவே கிடையாது. ளகரத்தின் மேலுள்ள இகரக் குறி, லகரம், புள்ளி ஆகிய மூன்றும்தான் இருக்கின்றன. ஆகவே விதி உயிரெழுத்தை அன்றி உயிர்க்குறியைத் தேட வேண்டும். அதேசமயம் ‘2023இல்’ என்று எண்ணுக்குப் பின் வரும்போது உயிரெழுத்தே வருகிறது. இரு வடிவங்களையும் எழுத வேண்டும். பைத்தான் நிரல்மொழியின் உள்ளமைந்த தேடல் தொகுப்பில் ‘சொல் எழுத்து’ என்ற வகை உயிர்க்குறிகளையும் புள்ளியையும் ஏற்பதில்லை என்பதால், அதை நம்பிச் சொற்களைத் தேடினால் ‘பள்ளிகளில்’ என்பது ‘பள’, ‘ள’, ‘கள’, ‘ல’ என்று நான்கு துண்டாகிவிடும்.

தட்டச்சு வேறுபாடுகளையும் தொடக்கத்திலேயே களைய வேண்டும். ‘தொகை’ என்பதன் ஒகரக் குறியை ஒரே குறியீடாகவும், கொம்பும் காலுமாக இரண்டு குறியீடுகளாகவும் பதிக்கலாம். இதை யூனிகோடின் இயல்பாக்கம் ஒன்றாக்கிவிடும். ‘கௌரவ’ என்பதைக் கொம்பும் ளகரமும் இட்டு ‘கெளரவ’ என்று பதித்திருந்தால் இயல்பாக்கம் உதவாது. அதற்குத் தனிப் பட்டியல் வேண்டும்.

அடுத்து வருவது புணர்ச்சி. ‘மாணவர்களுக்குத் தரப்பட்ட’ என்பதில் முதற்சொல் ‘த்’ என்று முடிவதால், குவ்வுருபைத் தேடும் விதிக்கு அது தெரியாது. சொல்லிறுதியில் நிற்கும் க், ச், த், ப் ஆகியவற்றை முதலில் நீக்கிவிட்டுப் பிறகு உருபைத் தேட வேண்டும். மிகுந்த ஒற்றை வைத்து ‘இது இரண்டாம் அல்லது நான்காம் வேற்றுமை’ என்று முடிவு கட்டவும் கூடாது. ‘சென்னைப் பல்கலைக்கழகம்’ என்ற தொகையிலும் ஒற்று மிகுகிறது. ‘தமிழ்நாட்டிலுள்ள’ என்று சேர்த்தெழுதியதை ‘தமிழ்நாட்டில் உள்ள’ என்று முன்கூட்டியே பிரித்துவிடுவதும் நல்லது.

இவற்றையெல்லாம் செய்த பிறகும் ஆளை வீழ்த்துவது போலி உருபுகளே. ‘கோயில்’, ‘ரயில்’, ‘வெயில்’ ஆகியவை ஏழாம் வேற்றுமை போலவும், ‘மின்’, ‘இன்சுலின்’ ஆகியவை ஆறாம் வேற்றுமை போலவும், ‘பால்’, ‘தபால்’ ஆகியவை மூன்றாம் வேற்றுமை போலவும், ‘வழக்கு’, ‘சரக்கு’, ‘கிழக்கு’ ஆகியவை நான்காம் வேற்றுமை போலவும் முடிகின்றன. நான் முதன்முதலில் எழுதிய விதித்தொகுப்பில் ‘ஓடு’ என்ற உருபுக்கு ஒரு வரி இருந்தது. தமிழ்நாட்டின் 38 மாவட்டங்களையும் வரிசைப்படுத்திய அட்டவணையில் 37 மட்டுமே வந்தன. ‘ஈரோடு’ என்பது ‘ஈர’ என்ற பெயரோடு மூன்றாம் வேற்றுமை உருபு சேர்ந்ததாகப் பிரிந்து, மாவட்டப் பட்டியலிலிருந்தே வெளியேறியிருந்தது. நிரல் எந்தப் பிழைச்செய்தியும் தரவில்லை. ஒரு மாவட்டத்து மக்களின் கணக்கு மொத்தத்தில் இல்லாமல் போயிருப்பதை அன்று தற்செயலாகக் கண்டதிலிருந்து, பிரித்தபின் எஞ்சும் பகுதி அறிந்த சொல்தானா என்று சரிபார்க்காத எந்த விதியையும் நான் எழுதுவதில்லை.

ஐயுருபுக்கு வெறும் ஐகாரத்தைத் தேடுவது வீண். ‘மழை’, ‘மதுரை’, ‘எண்ணிக்கை’ என்று பெயர்களில் பெரும்பகுதி அகப்பட்டுக்கொள்ளும். ‘களை’ என்ற முடிவை மட்டும் தேடினால் ஓரளவு தப்பலாம், ஆனால் ‘களை மேலாண்மை’ என்ற வேளாண் லேபிளை விலக்குப் பட்டியலில் சேர்த்தாக வேண்டும். சொல்லுருபுகளிலும் இதே கவனம் தேவை: ‘திட்டத்தின் கீழ்’ என்பதில் ‘கீழ்’ சொல்லுருபு, ‘கீழ் பவானி’ என்பதில் பெயரின் பகுதி.

மூலப்பெயர் மீட்பில் ஒரு நுட்பம் உண்டு. ‘மாவட்டத்தின்’ என்பதில் ‘த்தின்’ என்பதை நீக்கி ‘ம்’ சேர்த்தால் ‘மாவட்டம்’ கிடைக்கும். அதே விதி ‘சொத்தின்’ என்பதை ‘சொம்’ என்றும், ‘எழுத்தின்’ என்பதை ‘எழும்’ என்றும் ஆக்கிவிடும். அத்துச் சாரியை அம் என்று முடியும் பெயருக்கே வருவதால், முந்தைய எழுத்து அகரம் ஏறிய மெய்யாக இருக்க வேண்டும் என்று நிபந்தனை வைத்தால் இவ்விரண்டும் தப்பும். ஆனால் ‘ஊட்டச்சத்தின்’ தப்பாது, ‘ஊட்டச்சம்’ என்றாகிவிடும். ‘ஆபத்தின்’ என்பதற்கும் அதே கதிதான். சத்து, பத்து, ஆபத்து போன்ற சொற்களின் சிறு பட்டியல் இந்த ஓட்டையை அடைக்கும்.

இத்தனை குறைகளைச் சொன்ன பிறகும், லேபிள்களுக்கு நான் முதலில் பரிந்துரைப்பது இவ்வழியையே. லேபிள்கள் கதையோ செய்தியோ அல்ல. ஒரு துறையின் தலைப்புகள் ஒரு சிறிய சொற்கூட்டத்தையே மாற்றி மாற்றிப் பயன்படுத்துகின்றன. எனவே விலக்குப் பட்டியல் ஓரளவுக்கு மேல் வளராது. மறைந்திருக்கும் செலவு வேறு இடத்தில் இருக்கிறது: கல்வித்துறைக்கு எழுதிய பட்டியலை மருத்துவத்துறைக்கு எடுத்துச் சென்றால் ‘மூலம்’ என்ற சொல்லுருபு அங்கே நோயின் பெயர். விதிகளை எழுதியவர் வேலை மாறிப் போனால், எந்த வரி எந்தச் சொல்லுக்காக எழுதப்பட்டது என்று தெரியாமல் எவரும் அதைத் தொட அஞ்சுவார்கள். ஒவ்வொரு விதிக்கும் அதைத் தோற்றுவித்த லேபிளைப் பக்கத்திலேயே எழுதிவைப்பது இதற்கு மருந்து.

## இரண்டாம் வழி: உருபனியல் பகுப்பி

ஒரு சொல்லை அதன் மூலவடிவமாகவும் உருபுகளாகவும் பிரித்துக் காட்டும் நிரலே உருபனியல் பகுப்பி. யாழ்ப்பாணம், மொரட்டுவை, கொன்ஸ்டான்ஸ் பல்கலைக்கழகங்களோடு தொடர்புடைய சர்வேஸ்வரன், கிஹான் டயஸ், மிரியம் பட் ஆகியோர் உருவாக்கிய தமிழிமார்ஃப் இவ்வகையில் நான் முதலில் சுட்டும் கருவி. இது ஃபோமா என்ற கருவியில் அமைந்த வரையறுநிலை மாற்றி, அதாவது சொல்லை எழுத்தெழுத்தாகப் படித்து அதன் பகுப்பாக மாற்றும் பொறி. ‘கிணற்றின்’ என்று கொடுத்தால் ‘கிணறு’ என்ற பெயரையும் வேற்றுமையையும் தரும் வேலைக்கு இதுவே உரியது. சாரியைகளையும் ஒற்று இரட்டுதலையும் நாம் மறுபடி எழுதத் தேவையில்லை. இத்தகைய மாற்றிகளை இருதிசையிலும் இயக்கலாம் என்பதால், பகுத்த விடையிலிருந்து மீண்டும் சொல்லை உருவாக்கிப் பார்த்துச் சரிபார்க்கவும் முடியும்.

குறை இரண்டு. ஒரு சொல்லுக்குப் பல பகுப்புகள் வரலாம். ‘படி’ என்பது அலவன்ஸையும் மாடிப்படியையும் வினையையும் சொல்லுருபையும் ஒருங்கே குறிக்கும். சொல்லைத் தனியே பார்க்கும் பகுப்பிக்கு எது பொருந்தும் என்று தெரியாது. மற்றொன்று, லேபிள்களில் நிறைந்திருக்கும் நீண்ட கூட்டுச்சொற்களும் ஊர்ப்பெயர்களும் திட்டப்பெயர்களும் அகராதியில் இருக்கமாட்டா. விடையே வராத சொற்களைத் தனிக் கோப்பில் சேர்த்து, வாரம் ஒருமுறை பார்த்து அகராதியில் ஏற்றும் ஒருவர் இருந்தால்தான் இவ்வழி நாளடைவில் சிறக்கும். எல்லை காண்பதும் இணைப்பு காண்பதும் இதன் வேலை அல்ல. அவற்றுக்கு மேலே ஒரு சிறு விதித்தொகுப்பு எப்படியும் வேண்டும்.

சிலர் இதற்குப் பதிலாக, சொல்லின் ஈற்றை வெட்டித் தண்டை மட்டும் தரும் ஸ்னோபால் தண்டுச்சொல் கருவியைப் பயன்படுத்தப் பார்க்கிறார்கள். தேடுபொறிக்கு அது உதவும். ஆனால் எந்த உருபை நீக்கியது என்று அது சொல்லாது, மிஞ்சும் தண்டு அகராதிச் சொல்லாகவும் இருக்கவேண்டியதில்லை. நமக்கு வேண்டிய இரண்டையுமே அது தருவதில்லை.

## மூன்றாம் வழி: சார்புப் பகுப்பி

சார்புப் பகுப்பிகளான ஸ்டான்ஃபர்டின் ஸ்டான்சாவும் பிராகின் யூடிபைப்பும் தமிழுக்குப் பயிற்றுவித்த மாதிரிகளை வைத்திருக்கின்றன. ஒவ்வொரு சொல்லும் எதைச் சார்ந்திருக்கிறது என்று மரம் வரைந்து காட்டுவதால், நான்காம் அளவுகோலான இணைப்புக்கு நேரடியாக விடை தரும் கருவி இதுவே. ஆங்கிலத்துக்கு இவ்வழியை நான் தயங்காமல் சொல்வேன்.

தமிழில் தயங்கக் காரணம் பயிற்சித் தரவு. பல மொழிகளின் வாக்கியங்களை ஒரே முறையில் பகுத்துத் தொகுக்கும் யூனிவர்சல் டிபென்டன்சீஸ் திட்டத்தில், தமிழின் டிடிபி என்ற மரக்கருவூலத்தில் (பகுத்த வாக்கியங்களின் தொகுப்பில்) இருப்பவை 600 வாக்கியங்கள், அவற்றுள் பயிற்சிக்கானவை 400. அதே திட்டத்தின் ஆங்கிலக் கருவூலங்களுள் ஒன்றில் மட்டும் 16,000க்கு மேற்பட்ட வாக்கியங்கள் உள்ளன. டிடிபியின் வாக்கியங்கள் செய்தி உரையிலிருந்து எடுக்கப்பட்டவை. தமிழ் வாக்கியம் வினைமுற்றில் முடியும், லேபிளோ பெயரில் முடியும். வினைமுற்றை எதிர்பார்த்துப் பழகிய மாதிரிக்கு முற்றே இல்லாத தொடரைக் கொடுக்கிறோம் என்பதை மறக்கக் கூடாது. உரிமமும் கவனிக்கத்தக்கது: டிடிபி வணிகப் பயன்பாட்டுக்கு அனுமதி தராத உரிமத்தில் வெளியிடப்பட்டது, யூடிபைப்பின் மாதிரிகளும் அப்படியே. நிறுவனத் தயாரிப்புக்கு இவ்வழியைத் தேர்வோர் சட்ட ஆலோசனை பெற்ற பிறகு நிரல் எழுதத் தொடங்குவது நல்லது.

இணைப்புச் சிக்கல் எவ்வளவு கடினம் என்பதற்கு ஒரு சான்று. முன்னிடைச்சொல் தொடர் வினையோடு இணைகிறதா பெயரோடு இணைகிறதா என்பதை ஆங்கிலத்தில் அளந்த 1994ஆம் ஆண்டின் ஆய்வில், எப்போதும் பெயரோடு இணைப்பது என்ற ஒற்றை விதி 59 விழுக்காடு சரியாக இருந்தது. வினை, பெயர், முன்னிடைச்சொல், அதையடுத்த பெயர் ஆகிய நான்கு தலைச்சொற்களை மட்டும் பார்த்த மனிதர்கள் 88.2 விழுக்காடும், முழு வாக்கியத்தைப் பார்த்தவர்கள் 93.2 விழுக்காடும் சரியாகச் சொன்னார்கள். லேபிளைப் படிப்பவரோ அந்த நான்கு சொற்களை மட்டும் பார்த்தவரின் நிலையில் இருக்கிறார். ‘2023இல் மாவட்டத்தில் தொடங்கப்பட்ட பள்ளிகளில் சேர்ந்த மாணவர்கள்’ என்பதில் 2023 பள்ளி தொடங்கிய ஆண்டா, மாணவர் சேர்ந்த ஆண்டா? வலப்பக்கம் வரும் முதல் பெயரெச்சத்தோடு இணைப்பது என்ற எளிய விதி ‘தொடங்கப்பட்ட’ என்பதைத் தேரும். பெரும்பாலும் அதுவே சரி. சரியில்லாத இடத்தை எந்தப் பகுப்பியும் அறியாது, அட்டவணையைத் தயாரித்தவரே அறிவார்.

## நான்காம் வழி: பெருமொழி மாதிரி

சில எடுத்துக்காட்டுகளைக் காட்டி ‘இவ்வாறு பிரித்துத் தருக’ என்று கேட்டால் ஒரு மணி நேரத்தில் வேலை முடிந்ததுபோல் தோன்றும். பேச்சு வழக்கு கலந்த லேபிள்கள், எழுத்துப்பிழைகள், ஆங்கிலச் சொல் கலந்த தலைப்புகள் ஆகியவற்றில் மற்ற மூன்று வழிகளும் தடுமாறும் இடங்களை இது எளிதில் கடந்துவிடுகிறது என்பதை மறுக்க முடியாது.

நான் அஞ்சுவது அது செய்யும் மௌனத் திருத்தங்களுக்கு. ‘கோயில்’ என்று கொடுத்ததை ‘கோவில்’ என்று திருப்பித் தரலாம், விடுபட்ட ஒற்றைச் சேர்க்கலாம், ‘பள்ளி மாணவர் விடுதி’ என்ற தொகையை விரித்து ‘பள்ளியில் பயிலும் மாணவர்’ என்று எழுதலாம். உருபும் பயனும் உடன்தொக்க தொகையை விரிப்பது உரையாசிரியரின் வேலை. நாம் கேட்டது பிரிப்பு. லேபிளில் உருபு வெளிப்படவில்லை என்றால் அதை ஒரே பெயர்த்தொடராக விட்டுவைப்பதே நேர்மை. எனவே வந்த துண்டுகளை மறுபடி ஒட்டிப் பார்த்து, மூல லேபிளோடு ஓர் எழுத்தும் பிசகாமல் ஒத்தால் மட்டுமே ஏற்கும் சோதனையை வைக்க வேண்டும். மூலப்பெயர் மீட்பை அடுத்த படியில் தனியாகக் கேட்கலாம்.

கட்டணத்தைக் கணக்கிடும்போது, தமிழின் ஒவ்வொரு குறியீடும் யூடிஎஃப்-8 என்ற சேமிப்பு முறையில் 3 பைட்டுகள் என்பதையும், பைட்டுகளை அடிப்படையாகக் கொண்டு உரையைத் துண்டாக்கும் மாதிரிகளில் தமிழுக்கு ஆங்கிலத்தை விடக் கூடுதல் துண்டுகள் ஆகும் என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும். மாதிரியின் பதிப்பு மாறினால் விடையும் மாறும். கிடைத்த விடைகளைக் கோப்பில் சேமித்து, அதையே தரவாகக் கொள்ளுங்கள்.

## ஒரே பார்வையில்

| அளவுகோல் | உருபு விதிகள் | உருபனியல் பகுப்பி | சார்புப் பகுப்பி | பெருமொழி மாதிரி |
|---|---|---|---|---|
| தலைப்பெயர் | நன்று | விதி சேர்த்தால் நன்று | நடுத்தரம் | நன்று |
| தொடர் எல்லை | நடுத்தரம் | தராது | நடுத்தரம் | நன்று |
| மூலப்பெயர் மீட்பு | விலக்குப் பட்டியலைப் பொறுத்தது | மிக நன்று | நடுத்தரம் | நன்று, சரிபார்ப்பு தேவை |
| இணைப்பு | வலப்பக்க விதி மட்டும் | தராது | நேரடி விடை, நம்பகம் குறைவு | நன்று, காரணம் தெரியாது |
| மாறா விடை | உறுதி | உறுதி | ஒரே பதிப்பில் உறுதி | உறுதியில்லை |
| மறைந்த செலவு | துறை மாறினால் மறுவேலை | அகராதி வளர்ப்பு | உரிமம் | மௌனத் திருத்தம், கட்டணம் |

இந்த மதிப்பீடுகள் லேபிள்களுக்கு மட்டுமே உரியவை; முழு வாக்கியங்களுக்கு இதே வரிசை பொருந்தாது.

## எந்த நிலைமைக்கு எது

மீண்டும் மீண்டும் வருபவற்றை ஒன்றாக்கிய பின் எஞ்சும் லேபிள்கள் 500க்குள் இருந்தால், நிரலே வேண்டாம். ஒன்றுக்கு அரை நிமிடம் என்றாலும் நான்கு மணி நேரத்துக்குச் சற்று மேல்தான் ஆகும். விரிதாளில் கையால் பிரித்துவிடலாம். இதைச் சொன்னால் சிலர் ஏமாற்றமடைகிறார்கள், ஆனால் நான் கண்டவரையில் பல திட்டங்களுக்கு இதுவே போதுமானது.

ஒரே துறையின் ஆயிரக்கணக்கான லேபிள்கள், ஆண்டுதோறும் அதே வடிவில் வருபவை என்றால் விதிகளும் விலக்குப் பட்டியலும் போதும். பல துறைகளின் லேபிள்களைச் சேர்த்து ‘மாவட்டம்’, ‘கிணறு’ என்று மூலப்பெயரால் தேடவைக்க வேண்டுமானால் விதிகளோடு உருபனியல் பகுப்பியையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பெயரெச்சங்கள் அடுக்கி வரும் நீண்ட தலைப்புகளில் எது எதனோடு இணைகிறது என்பதே ஆய்வின் நோக்கமானால், வணிகமல்லாத பணியில், சார்புப் பகுப்பியை ஒரு கருத்துரையாளராக மட்டும் பயன்படுத்தலாம். பல பேர் பல விதமாகப் பதித்த, ஒழுங்கில்லாத லேபிள்களை ஒருமுறை மட்டும் சீர்செய்ய வேண்டும் என்றால் பெருமொழி மாதிரியும் ஒட்டிப் பார்க்கும் சோதனையும்.

எவ்வழியானாலும், தொடங்கும் முன் 200 லேபிள்களைத் தற்செயலாக எடுத்து இரண்டு பேர் தனித்தனியே கையால் பிரித்து ஒப்பிடுங்கள். இருவரும் வேறுபட்ட லேபிள்களைத் தனியே எடுத்து, தரவைத் தந்த துறையிடம் பொருள் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். ஒத்துப்போனவற்றை எந்தக் கருவியையும் அளக்கும் அளவுகோலாக வைத்துக்கொண்டு, மாவட்டங்கள் எத்தனை வருகின்றன என்பதிலிருந்து எண்ணத் தொடங்குங்கள்.